கூரே கழகத்தின் விடுபட்ட எட்டு வருடங்கள்

இத்தாலியின் பலேர்மோவில் உள்ள தமிழ்ச் சனத்துக்குள் எமிலியானாவுக்கு ‘ஈரான் அக்கா’ என்று பெயர் விழுந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவள் ஈரானுக்குப் போனதில்லை. பாரசீகத்தில் அவளுக்குத் தெரிந்தது நாலைந்து சொற்கள்தான். அவற்றிலும் இரண்டு சாப்பாட்டின் பெயர்கள். ஆனால் ஈரானில் அராக் என்ற தொழிற்சாலை நகரத்தில் ‘கூரே’ என்றொரு உதைபந்தாட்டக் கழகம் எந்த ஆண்டில் தொடங்கியது, முதல் ஆட்டத்தில் எத்தனை கோல் வாங்கியது, எந்தப் பயிற்சியாளர் யாருடன் கோபித்துக்கொண்டு பாதியில் எழுந்து போனார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லுவாள்.

இதில் அதிகம் வியந்துபோனது அவளுடைய புருஷன் றொஜர்தான். துறைமுகத்தில் நாப்போலிக் கப்பல்களுக்கு வடம் கட்டுகிற வேலை அவனுக்கு. பலேர்மோ அணியின் ரோசாச் சட்டையைத் தோய்க்கக் கொடுக்கவே மனம் வராத ஆள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் ஆட்டம் பார்க்க உட்கார்ந்தால் எமிலியானா, “இருபத்திரண்டு ஆம்பிளையள் ஒரு பந்துக்கு அடிபடுறாங்கள். ஆளுக்கு ஒண்டு வாங்கிக் குடுத்தால் பிரச்சினை முடிஞ்சுது” என்று சொல்லிக்கொண்டு போய்விடுவாள்.

எமிலியானாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. மன்னார் பேசாலையில் பிறந்தவள். இருபத்துமூன்று வயதில் இங்கே வந்து இறங்கியதிலிருந்து வீட்டுவேலைதான். கதைக்கிற இத்தாலி மொழி வேலையில் வந்தது. எழுதுகிற இத்தாலி, மகள் நிலக்ஷிக்கு வீட்டுப்பாடம் பார்க்கப் போய் வந்தது. மகள் பிழைவிட்ட சொல்லையெல்லாம் தாயும் சேர்ந்து பத்துத்தரம் எழுதியிருக்கிறாள். பிறகு பங்குக் கோயிலின் அறிவித்தல்களைக் கம்ப்யூட்டரில் அடிக்கிற வேலையும் அவள் தலையில் விழுந்தது. பத்து விரலாலும் அடிப்பாள். வேகமாகவும் அடிப்பாள்.

பழைய நகரப் பகுதியான கால்சாவில், மூன்றாம் மாடியில் இருந்த பெஹ்ரூஸின் வீட்டுக்கு அவள் செவ்வாயும் வியாழனும் போவாள். பெஹ்ரூஸ் பத்தொன்பது வயதில் பொறியியல் படிக்க அராக்கிலிருந்து பலேர்மோவுக்கு வந்தவர். கப்பல் திருத்தும் தளத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றுவிட்டார். பிள்ளைகள் இருவரும் வடக்கே தொரினோவில். தெருவில் எல்லோரும் அவரை ‘இன்ஜெஞ்ஞேரே’, அதாவது பொறியியலாளர், என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். எமிலியானாவுக்கும் அவர் இன்ஜெஞ்ஞேரேதான். அவருக்கு அவள் ‘சிஞ்ஞோரா’, அம்மணி.

பலேர்மோவுக்கு வருமுன் அவர் கூரேயில் இரண்டு வருடம் இடதுபக்கத் தடுப்பாளராக ஆடினார். கூரே என்றால் உலை. கொதிகலன் செய்யும் தொழிற்சாலையின் உலைக்களத் தொழிலாளர்கள் எழுபத்துநாலில் தொடங்கிய கழகம் அது. அந்த இரண்டு வருடத்தில் பெஹ்ரூஸ் ஒரேயொரு கோல்தான் போட்டார். அதுவும் தங்கள் பக்கத்துக்கே. அதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

கழகத்துக்கு ஐம்பது வயது வருகிறது, அதன் வரலாற்றை எழுதித் தாருங்கள் என்று அராக்கிலிருந்து அவரைக் கேட்டிருந்தார்கள். தன் பிள்ளைகளும் அதை வாசிக்க வேண்டும் என்று அவருக்கும் ஒரு ஆசை இருந்தது. பிள்ளைகளுக்குப் பாரசீகம் வாசிக்கத் தெரியாது. ஆகவே முதலில் இத்தாலியில் எழுதுவது, பிறகு போன் மொழிபெயர்த்துத் தருவதை அராக்கில் இருக்கும் தங்கை மஹின் திருத்திப் பாரசீகம் ஆக்குவது என்று ஏற்பாடு. பாதிதூரம் போயிருந்தபோது, பழைய படங்கள் இருந்த பெட்டியை அலுமாரிக்கு மேலிருந்து இறக்க ஏணியில் ஏறினார். பெட்டி பத்திரமாக இறங்கியது. பெஹ்ரூஸ் இறங்கவில்லை, விழுந்தார். வலது மணிக்கட்டு உடைந்தது.

அடுத்த செவ்வாய் எமிலியானா போனபோது, கையில் மாவுக்கட்டோடு இடது கைச் சுட்டுவிரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். அவள் துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுக் கொஞ்சநேரம் பார்த்தாள். பொறுக்க முடியவில்லை.

“எழும்புங்கோ, இன்ஜெஞ்ஞேரே. நீங்கள் சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்.”

அவள் கதைத்தது இத்தாலிதான். ஆனால் எந்த மொழியில் கதைத்தாலும் அவளுக்குப் பேசாலைத் தொனிதான் வரும்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு மணித்தியாலம் வீட்டு வேலை, இரண்டு மணித்தியாலம் கூரே. முதல் ஆட்டத்தில் ரயில்வே அணியிடம் ஏழு கோல் வாங்கியதை அடிக்கும்போது எமிலியானா சிரித்துவிட்டாள். சரளைக்கல் மைதானத்தில் விழுந்து விழுந்து ஆடி, மூன்றாம் வருடம் அதே ரயில்வேயை வென்றபோது தன்னையறியாமல் மேசையில் கையால் தட்டினாள். அன்று வீட்டுக்குப் போய் றொஜரிடம், “ஓப்சைட் எண்டால் என்னப்பா?” என்று கேட்டாள். றொஜர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தான். “உமக்குச் சுகமில்லையோ?” என்றான். பிறகு உப்புப் போத்தலையும் கரண்டிகளையும் மேசையில் அடுக்கி விளங்கப்படுத்தினான்.

ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழக்கிழமை பெஹ்ரூஸ் சன்னலடியில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“எண்பதில் போர் தொடங்கியது. கழகம் மூடப்பட்டது. எண்பத்தெட்டில் மீண்டும் திறக்கப்பட்டது. முற்றுப்புள்ளி. அடுத்த அதிகாரம்.”

எமிலியானாவின் விரல்கள் நின்றன.

“எட்டு வருசம் ஒருத்தரும் பந்து அடிக்கேல்லையோ?”

“போர், சிஞ்ஞோரா.”

“போர் எண்டால்? எனக்குப் போர் தெரியாதோ? எங்கடை பேசாலையிலை கெலிகொப்டர் வந்து சுட்டுட்டுப் போகும். பெடியள் பனைக்குக் கீழை குப்புறப் படுத்திருப்பாங்கள். கெலி போனதும் எழும்பி, அதுக்கு முதல் அடிச்சது கோலோ இல்லையோ எண்டு சண்டை பிடிப்பாங்கள். எங்கடை அண்ணன்தான் கோல் காப்பாளர். அவன் ஒருநாளும் கோல் எண்டு ஒத்துக்கொண்டதில்லை. எட்டு வருசம் ஒரு ஊர் பந்தடிக்காமல் இருந்தது எண்டால் நான் நம்பமாட்டன்.”

பெஹ்ரூஸ் திரும்பவில்லை.

“நான் அப்போது அங்கே இருக்கவில்லை” என்றார்.

“ஓம். நீங்கள் இஞ்சை இருந்தனீங்கள். அதாலைதான் சொல்லுறன், அங்கை இருந்த ஆக்களைக் கேளுங்கோ.”

அவர் கேட்டார். கழகத்தின் செயலாளர் கொல்சாரி, ஒருகாலத்து அணித்தலைவர், ஒரே வரியில் முடித்துவிட்டார்: கழகம் மூடியிருந்தது, எழுத ஒன்றுமில்லை. இன்னும் மூன்று பழைய ஆட்டக்காரர்களும் அதையே சொன்னார்கள். நால்வரும் அந்தக் காலத்தில் போர்முனையில் இருந்தவர்கள்.

“ஊரிலை இல்லாத ஆம்பிளையளையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறியள்” என்றாள் எமிலியானா. “ஊரிலை நிண்டது பொம்பிளையள் எல்லோ? தங்கச்சியாரைக் கேளுங்கோ.”

மஹினுக்கு நேரடியாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் விடவில்லை. பாண் வாங்கும் வரிசையில் கேட்டாள், மருந்துக்கடையில் கேட்டாள், தொழிற்சாலைக் குடியிருப்பில் பழைய வீடு வீடாகப் போய்க் கேட்டாள். மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, எமிலியானா கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தபோது பெஹ்ரூஸின் போனில் ஒரு படம் வந்து விழுந்தது. அவர் பார்த்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். பிறகு போனை அவள் பக்கம் நீட்டினார்.

கறுப்பு வெள்ளைப் படம். பதினொரு பேர். பாதிப்பேர் மீசை முளைக்காத பள்ளிப் பெடியன்கள். மீதிப்பேர் போருக்கு எடுக்க முடியாத அளவு வயதானவர்கள்; ஒருவருக்கு வயிறு சட்டைக்கு வெளியே தெரிந்தது. நடுவில், தலையில் துணி கட்டிய ஒரு பெண் பெரிய அகப்பையைத் துவக்குப்போலத் தோளில் சாத்தி வைத்துக்கொண்டு நின்றாள்.

பெயர் எஸ்ஸத். தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தின் சமையல்காரி. மஹின் அனுப்பிய குரற்செய்தியைப் பெஹ்ரூஸ் வரிவரியாக இத்தாலியில் சொல்லச் சொல்ல எமிலியானா துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டாள். பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக நடக்காத காலத்தில் பெடியன்கள் கூடத்துச் சுவரில் பந்தடித்துக்கொண்டே இருந்தார்களாம். சுவரின் சுண்ணாம்பெல்லாம் சோற்றுப் பானைக்குள் விழுந்ததாம். ஏசப் போன எஸ்ஸத், ஏசி முடித்துவிட்டு அவர்களை வரிசையில் நிற்கவைத்து அணியாக்கிவிட்டாள். ஆள் போதாததற்கு உலைக்களத்துக் கிழவர்களைப் பிடித்துப் போட்டாள். சாப்பாட்டுக் கூடத்தின் திரைச்சீலைகளை வெட்டிச் சட்டை தைத்தாள். செங்கல் சூளையின் முற்றத்தில் எட்டு வருடம் ஆடினார்கள். தெற்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களின் அணியிடம்தான் எப்போதும் தோற்றார்கள். தோற்றாலும் வென்றாலும் இரண்டு பக்கத்துக்கும் சாப்பாடு எஸ்ஸத்துடையது. சட்டையின் நெஞ்சில் ‘கூரே’ என்று நூலால் தைத்திருந்தாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

எமிலியானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு, “வயிறு தெரியிற மனுசன் எந்த இடத்திலை ஆடினவர்?” என்று கேட்டாள். இருவரும் சிரித்தார்கள்.

அடுத்த நாலு நாளும் அவள் அந்த வீட்டுக்கு நேரம் கிடைத்தபோதெல்லாம் போனாள். மஹின் எஸ்ஸத்திடம் கேட்டுக் கேட்டு அனுப்ப, பன்னிரண்டு பக்கத்தில் ஓர் அதிகாரம் வந்தது. அதைக் கொல்சாரிக்கு அனுப்பியபோதுதான் வில்லங்கம் வந்தது. பதிவில் இல்லாத அணி, சமையல்காரி தானாகச் சேர்த்த கூட்டம், அதைக் கழகத்தின் வரலாற்றில் போட முடியாது என்று அவர் மறுமொழி எழுதினார்.

பெஹ்ரூஸ் தயங்கினார். “அவர் சொல்வதிலும் ஒரு முறை இருக்கிறது, சிஞ்ஞோரா. பின்னிணைப்பாகக் கடைசியில் அரைப் பக்கம் போடலாம்.”

எமிலியானா கதிரையைப் பின்னே தள்ளி எழுந்தாள்.

“அப்ப நீங்களே ஒற்றை விரலாலை அடியுங்கோ. நான் குசினியைப் பாக்கப் போறன்.”

அன்று அந்தக் குசினி மின்னியது. அடுப்பின் பின்பக்கம்கூடத் தேய்த்தாள். அறையிலிருந்து ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே நீண்ட அமைதியோடு விசைகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. முக்கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்தார் பெஹ்ரூஸ். பிறகு குசினி வாசலில் வந்து நின்றார்.

“கொல்சாரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். வாருங்கள்.”

“என்னெண்டு எழுதப் போறியள்?”

“எண்பத்தெட்டில் கழகம் திறந்தபோது முதல் ஆட்டத்தில் ஆடிய பதினொரு பேரில் ஏழு பேர் எஸ்ஸத்தின் பெடியன்கள். படத்தையும் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். மூடிய கழகத்துக்கு அந்த ஏழு பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று அவரையே கேட்கப் போகிறேன்.”

எமிலியானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அந்தக் கடிதத்தை அவள் அடித்த வேகத்தில் மேசை ஆடியது.

கொல்சாரி இரண்டு வாரம் பதில் போடவில்லை. போட்டபோது ஒரே வரி: அந்த ஏழு பேரில் ஒருவன் என் தம்பி, அவன் நேற்று என் வீட்டுக்கு வந்து என்னை ஏசிவிட்டுப் போனான், அதிகாரத்தைப் போடுங்கள்.

ஒக்டோபரில் புத்தகம் அச்சாகி வந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட எமிலியானாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முதல் பக்கத்தில் ஒரு வரியைப் பெஹ்ரூஸ் மாவுக்கட்டுக் கழற்றிய கையால் தொட்டுக் காட்டினார். “இது உங்கள் பெயர்.” அவள் அந்த வளைவுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குக் கொண்டுபோனபோது றொஜர் அதைத் தலைகீழாகப் பிடித்து, “இதிலை எங்கை நீர்?” என்று கேட்டான். பிறகு வேலை செய்கிற இடத்துக்கும் கொண்டுபோய்க் காட்டினான்.

விழாவன்று அராக்கிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. பெஹ்ரூஸின் வீட்டில் எமிலியானா, றொஜர், லீவில் வந்திருந்த நிலக்ஷி எல்லோரும் போனுக்கு முன்னால் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். அங்கே மண்டபம் நிறையச் சனம். முன்வரிசையில் எழுபத்தாறு வயது எஸ்ஸத், மூக்குக்கண்ணாடியோடு. மடியில் புத்தகம் திறந்திருந்தது. பெஹ்ரூஸ் எமிலியானாவைக் காட்டினார். எஸ்ஸத் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், நெஞ்சில் கைவைத்துத் தலையைச் சாய்த்தாள். எமிலியானாவும் அப்படியே செய்தாள்.

பிறகு எஸ்ஸத் புத்தகத்திலிருந்த அந்த அணிப் படத்தின் மேல் விரலால் தட்டி, மண்டபமே கேட்கும் குரலில் ஏதோ சொன்னாள். அங்கே எல்லோரும் சிரித்தார்கள். பெஹ்ரூஸ் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“என்னவாம்?” என்றாள் எமிலியானா.

“கோல் காப்பாளர் என்று நாங்கள் பெயர் போட்ட ஆள் கோல் காப்பாளரே இல்லையாம். அவர் பேக்கரியில் பாண் சுடுகிறவராம். படம் எடுக்கும்போது இடையில் புகுந்து நின்றுவிட்டாராம்.”

“உண்மையான கோல் காப்பாளர் எங்கையாம்?”

“படம் எடுத்தவர் அவர்தானாம்.”

றொஜர் கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். எமிலியானா சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

“அந்த மனுசன்ரை பேரைக் கேளுங்கோ, இன்ஜெஞ்ஞேரே” என்றாள். “ரெண்டாம் பதிப்புக்கு வேணும்.”