காலைக் கேட்டேன், கண்ணைக் குடுத்தா

2003, ஆடி மாசம். முட்டிக்குள்ள ஈரத்துணி கிழியற மாதிரி ஒரு சத்தம். அது என் காலுதான்னு புரியறதுக்குள்ள மண்ணுல கெடந்தேன்.

என் பேரு கலைச்செல்வி. தேங்காய்த்திட்டுல மீன் விக்கற வள்ளியோட பொண்ணு. கபடி ஆடறவ. பாடிட்டு எதிர்ப்பக்கம் போயி, ஆளைத் தொட்டுட்டுத் திரும்பி ஓடியாறதுல என்னைப் புடிக்க ஆளில்லைன்னு பேரு. அன்னிக்குப் புதுச்சேரி டீமுக்கு ஆள் எடுத்தாங்க. கடைசி எடத்துக்கு நானும், ரெட்டியார்பாளையத்துப் பொண்ணு ஒருத்தியும். அவ பேரை இங்க சொல்ல மாட்டேன். அங்காளம்மாவுக்குத் தெரியும், அது போதும்.

எங்களை எதிரெதிரா ஆடவிட்டாங்க. நான் பாடிட்டுப் போனப்ப அவ என் காலைப் புடிச்சா. நியாயமான புடிதான். அம்பயர் விசில் ஊதிட்டாரு. நான் ஒடம்பைத் தளர விட்டுட்டேன். அதுக்கப்புறம்தான் அவ முறுக்கினா. முறுக்கிட்டு மேல உக்காந்தா.

தெரியாம பட்டுடுச்சின்னு எல்லார்கிட்டயும் சொன்னா. என் மொகத்தைப் பாத்து மட்டும் சொல்லல.

ஜவ்வு கிழிஞ்சிடுச்சின்னு ஆபரேஷன் பண்ணாங்க. நான் கட்டில்ல கெடக்கும்போது அவ டீம் பனியன் போட்டுக்கிட்டு ரயில் ஏறிட்டா. அந்த ஆட்டத்தை வெச்சு அவளுக்கு வேலையும் கெடச்சுது. சேதி கேட்ட அன்னிக்கு சோத்துத் தட்டைத் தூக்கி செவுத்துல அடிச்சேன். உயிரோட இருக்கறதே அசிங்கமா இருந்தது.

எங்கம்மாதான் ஒரு வெள்ளிக்கெழமை என்னை ஆட்டோவுல ஏத்தி அங்காளம்மா கோயிலுக்குக் கூட்டிட்டுப் போச்சு. நான் கட்டையை ஊனிக்கிட்டு நின்னேன். எங்கம்மா குனிஞ்சு ரெண்டு கையாலயும் மண்ணை வாரித் தூத்துச்சு. "எம் பொண்ணு காலை எடுத்தவ காலை நீ எடு தாயி"ன்னுச்சு. நானும் அதையேதான் கேட்டேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கெழமை தவறல. வேற எந்த வேண்டுதலும் எனக்கில்ல.

ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி குடுத்த மேடம் ஒருத்தங்க இருந்தாங்க. காலைத் தூக்கச் சொன்னா உயிர் போவும். பல்லைக் கடிச்சிக்கிட்டு அவ பேரைச் சொல்லித்தான் தூக்குவேன். ஏதோ சாமி பேருன்னு மேடம் நெனச்சிட்டாங்க. ஒருநாள் கேட்டாங்க, சொல்லிட்டேன். மன்னிச்சிடும்மான்னு அவங்க சொல்லியிருந்தா எழுந்து வந்திருப்பேன். "அந்தப் பேரைச் சொன்னாதான் காலு தூக்குதுன்னா, சொல்லிட்டே தூக்கும்மா"ன்னாங்க. தூக்கினேன். நடந்தேன். கடைசியில ஓடவும் ஓடினேன்.

ஆனா பழைய வேகம் வரல. சட்டுனு திரும்பினா முட்டி ஏமாத்தும். இனிமே பாடப் போவாத, ஓரத்துல நின்னு வர்றவளைப் புடின்னாரு எங்க மாஸ்டர். அவமானமா இருந்தது. அப்புறம்தான் ஒறைச்சுது. புடிக்கிற எடத்துல நின்னா, ஒருநாள் அவளே என் கைக்கு வருவா.

அவ எங்க ஆடினாலும் போனேன். கோட்டோரமா உக்காந்து அவ காலை மட்டும் பாத்தேன். திரும்பறதுக்கு முன்னாடி எந்தக் குதிகால் தூக்குது, மூச்சு எப்ப கொறையுது, எந்தப் பக்கம் போவப் போறா, எல்லாம் பாத்தேன். முன்னெல்லாம் நான் எதையும் பாத்தவ இல்ல, ஓடினவ. வெறிதான் என்னை உக்கார வெச்சுது, பாக்க வெச்சுது. போவப் போவ அவ காலு மட்டுமில்ல, யாரு காலைப் பாத்தாலும் அவங்க மனசுல என்னன்னு எனக்குத் தெரிஞ்சுது.

2006, காணும் பொங்கல். தவளக்குப்பத்துல போட்டி. கடைசி ஆட்டத்துல எதிர்ல அவ டீம். அவ பாடிட்டு வந்த மொத தடவையே பாத்துட்டேன். இடது காலை முழுசா ஊனல. முட்டியில நோவு. மறைச்சிக்கிட்டு ஆடறா. அந்த மைதானத்துல வேற யாருக்கும் அது தெரியல.

தாயி குடுத்துட்டா. கயித்துக்கு அந்தாண்ட எங்கம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்குது.

சமமா இருந்த ஆட்டம். கடைசியா அவதான் பாடிட்டு வந்தா. அந்த இடது காலு என் கைக்கு எட்டற தூரத்துல. ஒரு முறுக்கு போதும். ஆனா இத்தினி நாள் வளத்த வெறியை ஒரு நொண்டிக் காலு மேல வீணாக்க எனக்கு மனசில்ல. அவளை மாதிரி ஆடி ஜெயிச்சா அதுவும் அவ ஜெயிச்ச மாதிரிதான். நல்ல காலைப் புடிச்சேன். அவ முழு பலத்தோட இழுத்தா. நான் விடல. விசில் கேட்டுது. கேட்டவொடனே விட்டுட்டேன்.

அவ இடது முட்டியை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டுக் கெடந்தா. முறுக்குவேன்னு காத்துக்கிட்டிருந்தா. நான் குனிஞ்சு சொன்னேன்.

"இடது காலு நோவறது வந்தவொடனே தெரிஞ்சிடுச்சு. வேணும்னேதான் தொடல."

அப்பதான் அவ மொத மொதலா என் மொகத்தைப் பாத்தா. பாத்துட்டு அழுதா. நான் அழல. அந்த அழுகையை நின்னு நிதானமாப் பாத்தேன். அவ்ளோ இனிப்பா இருந்தது.

எங்கம்மாவுக்குத்தான் கோவம். கையில கெடச்சதை விட்டுட்டியேன்னு பஸ்ல மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. "அவ காலு ஆறிடும்மா, இது ஆறாது"ன்னேன். அப்புறம் என் முட்டி மேல கையை வெச்சுது.

அந்த வெள்ளிக்கெழமை தாயி முன்னாடி தேங்காய் ஒடச்சேன். இப்ப எங்க டீமுக்கு நான்தான் கேப்டன். முன்ன ஒரு பாயிண்ட் போனாலே கண்ணு மண்ணு தெரியாது எனக்கு. இப்ப தோத்துக்கிட்டிருக்கும்போதுதான் நல்லா மூச்சு விடறேன். விழுந்து எழுந்தவளுக்கு விழறதுல என்ன பயம்?

அவளை மன்னிச்சிட்டியான்னு கேக்கறாங்க. இல்ல. தூத்தின மண்ணை நான் திருப்பி வாரல. அது தாயி பாடு.

உங்களுக்கும் யாராவது கேடு செஞ்சிருந்தா, கோயிலுக்கு வரும்போது மூஞ்சியைக் கழுவிக்கிட்டு நல்ல புள்ள மாதிரி வராதீங்க. பூவோட பழத்தோட அந்த ஆத்திரத்தையும் எடுத்துட்டு வாங்க. தாயி சூலம் புடிச்சவ. ஆத்திரத்தை எங்க குத்தணும், எங்க நிறுத்தணும்னு அவளுக்குத் தெரியும்.