மாலேயிலிருந்து ஒரு மணி நேரந்தானுங்களே!

விமான டிக்கெட் போடுகிற தொழிலில் பறக்கும் நேரத்தைச் சொல்வது சுலபம். வாடிக்கையாளரை நம்ப வைப்பதுதான் பெரும்பாடு. கோவை காந்திபுரத்தில் ஆபீஸ் வைத்திருக்கிறேன். என்னைப் போலவே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவதிப்படும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் இதெல்லாம் நடந்திருக்கும்.

ஒரு சாண் கடல்

சூலூரில் விசைத்தறி வைத்திருக்கும் தம்பதி. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட அந்தமானும் மாலத்தீவும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமாம். கணவர் என் மேசை மேலிருந்த வரைபடத்தில் கை வைத்து, "ஒரு சாண்கூட இல்லீங்களே" என்றார். அந்தமானின் போர்ட் பிளேரிலிருந்து மாலத்தீவுத் தலைநகர் மாலேக்கு நேர் விமானம் இல்லை, சென்னைக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும் என்றேன். அவர் விடுவதாக இல்லை. மனைவி குறுக்கிட்டுச் சொன்னார்: "ஏனுங்க, அந்தமானே போதுமுங்க. இத்தன வருசங் கழிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க, அதுல பாதிய ஏர்போர்ட்லயே உக்கார வெச்சுப்போடாதீங்க."

போக ஒரு மணி, வர ரெண்டு மணி

அன்னூர் விவசாயி ஒருவர் கொழும்பு போய், அங்கிருந்து மாலேயில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கக் கிளம்பினார். டிக்கெட்டைப் பார்த்தவர் முகம் சுருங்கியது. கொழும்பில் எட்டுக்குக் கிளம்பி மாலேயில் ஒன்பதுக்கு இறங்குகிறது. திரும்பும்போது பத்துக்குக் கிளம்பி பன்னிரண்டுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் ஒன்றரை மணி நேரம்தான், மாலே கடிகாரம் அரை மணி பின்னால் ஓடுகிறது என்று விளக்கினேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப போறப்ப அரை மணிய இனாமாக் குடுத்துப்போட்டு, வாரப்ப புடுங்கிக்கறாங்க. கெட்டிக்காரங்கதானுங்க!"

ஃபிட்டர் சும்மா உட்காரட்டும்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் கம்பெனி நடத்தும் சுப்பிரமணியம் ஒரு நாள் பதறிப்போய் வந்தார். மாலத்தீவின் தெற்குக் கோடித் தீவு ஒன்றில் அவர் கம்பெனியின் குடிநீர் பம்ப் நின்றுவிட்டது. ஊரே படகில் வரும் தண்ணீரை நம்பியிருக்கிறது. உதிரிப் பாகத்தோடு ஃபிட்டர் சேவியரை உடனே அனுப்ப வேண்டும்.

பெங்களூரு வழியாக மாலே; அங்கிருந்து குட்டி விமானம். "மாலேயிலிருந்து ஒரு மணி நேரந்தானுங்களே, மத்தியான விமானத்துல போனாப் போதும்" என்றார். பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் மாலேயில் இறங்கி, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, அடுத்த விமானத்துக்கு ஓட வேண்டும். அன்றைய கடைசி விமானத்தைத் தவறவிட்டால் மறுநாள் இடமே இல்லை. "காலை விமானத்துலயே போகட்டுங்க, சேவியர் மாலேயில சும்மா உக்காந்திருந்தாலும் பரவால்லீங்க" என்று பிடிவாதமாக நின்றேன். கோபப்பட்டாலும் ஒத்துக்கொண்டார்.

அன்று பெங்களூரில் மழை. காலை விமானமே வெகு நேரம் தாமதம். மதியச் சோற்றை ஒதுக்கிவிட்டு, திரையில் விமான நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேவியர் கதவடைக்கும் நேரத்தில் ஓடிப்போய்க் குட்டி விமானத்தில் ஏறினார். மத்தியான விமானமோ ரத்தாகிவிட்டது.

மறுநாள் சுப்பிரமணியம் ஆபீசுக்கே வந்து போனில் ஒரு வீடியோ காட்டினார். தெருக் குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, தீவுப் பெண்கள் குடங்களோடு கை தட்டுகிறார்கள், ஓரத்தில் நனைந்த சட்டையோடு சேவியர். என் கண் கலங்கிவிட்டது. சுப்பிரமணியம் சொன்னார்: "பாத்தீங்களா அம்மணி, கோயமுத்தூர் பம்பு ஓடுது. தண்ணி உட்டதுல பாதி நீங்கதானுங்க."

இத்தனை பேரைக் கடல் தாண்டி அனுப்பிய நான் இதுவரை நேரில் பார்த்த ஒரே தீவு, உக்கடம் குளத்து நடுவே கொக்கு உட்காரும் மண்திட்டுதான்.