கடையாணி கழலும் இடம்

என் அப்பா கருப்பண்ணன் பார வண்டி ஓட்டியவர். எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். அங்கிருந்து நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போவார். மறுநாள் காலையில் உப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு திரும்புவார். வாரத்துக்கு ஒரு நடை. செவலை, மயிலை என்று இரண்டு மாடுகள். அவற்றோடு வழியெல்லாம் பேசுவார். மனிதர்களோடு பேச அவருக்கு அவ்வளவாகப் பொறுமை கிடையாது. பிடிவாதம் மட்டும் ஊருக்கே பங்கு போட்டுக் கொடுக்கிற அளவுக்கு இருந்தது.

அந்தப் பிடிவாதத்துக்கு நானும் ஒரு காரணம் என்று ஊரில் சொல்வார்கள். சுத்தப் பொய்! அப்பாவின் தங்கை மாரக்காள் அத்தைக்கு வசந்தாமணி என்று ஒரு மகள். அவளை எனக்குக் கட்டிவைப்பது என்று அப்பா தனக்குள் முடிவு செய்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? இல்லை. அவளுக்கும் என்னைக் கண்டாலே ஆகாது. ஓட்டைப்பல்லன் என்றுதான் கூப்பிடுவாள். அத்தை அவளை நாமக்கல் பக்கம் வேறு இடத்தில் கொடுத்தாள். எனக்கு நிம்மதி, அவளுக்கும் நிம்மதி. அப்பாவோ கல்யாணப் பந்தலில் எழுந்து நின்று, "இனி உன்ற ஊட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன். உன்கூட ஒரு சொல்லுப் பேச மாட்டேன். மாரியாத்தா மேல ஆணை!" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கட்டிவிட்டார். அப்புறம் ஒன்பது வருஷம் அவர் பேசவில்லை.

அத்தையின் வீடு மல்லூருக்கு இந்தப் பக்கம், ரோட்டை ஒட்டியே இருந்தது. சேலம் போனாலும் வந்தாலும் அதைக் கடக்காமல் முடியாது. அதுதான் கொடுமை.

முப்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மாதம். சேலத்திலிருந்து திரும்புகிற வழியில், காலை வெயில் ஏறுகிற நேரம், அப்பா வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோனார். கை பாதி வழியில் நின்றுவிட்டது. வெற்றிலை மடியில் விழுந்தது. 'இதென்னடா கூத்து' என்று சொன்னாராம். மனசுக்குள் சொல் ஒழுங்காகத்தான் இருந்தது. வாயிலிருந்து வந்ததோ வெறும் 'ழா ழா'. அவரே திரும்பிப் பார்த்தாராம், யார் இப்படி உளறுவது என்று. பாரிசவாயு அடித்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நொடியில் போயின.

தனி ஆள். முன்னும் பின்னும் வண்டி இல்லை. இறங்கலாமா என்று நினைத்திருக்கிறார். இறங்கினால் பள்ளத்தில்தான் கிடக்க வேண்டும், மாடுகள் பாட்டுக்குப் போய்விடும், எந்தப் புண்ணியவான் எட்டிப் பார்ப்பான்? வண்டியிலேயே இருந்தால் மாடுகள் எங்காவது கொண்டு சேர்க்கும். கீழே மட்டும் விழக்கூடாது. தலைத்துண்டை இடது கையால் அவிழ்த்து, இடுப்பைச் சுற்றி, ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்து, வண்டியின் பக்கத்து முளைக்குச்சியில் தன்னைக் கட்டிக்கொண்டார். எச்சில் தொண்டையை அடைத்தது. அதனால் உப்பு மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டார். எங்கள் அப்பாவுக்கு மூளை இல்லை என்று அம்மா பழனியம்மாள் தினமும் சொல்வாள். அன்றைக்குச் செய்ததைக் கேட்டபிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள்.

அப்புறம் நடந்ததெல்லாம் கனவு மாதிரி என்பார். வண்டி நிற்பது போலவும் புளியமரங்கள்தான் வரிசையாகச் சேலத்துக்கு நடந்து போவது போலவும் இருந்ததாம். கிளைகளுக்கு நடுவே துண்டு துண்டாக வானம். மாட்டு மணிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. பக்கத்தில் யாரோ படுத்துக்கொண்டு, தன் மேல் ஒரு கையைப் போட்டிருக்கிறார்கள் என்று கோபம் வந்ததாம். எடுத்துப் போட்டார். மறுபடி வந்து விழுந்தது. அப்புறம்தான் அது தன்னுடைய வலது கை என்று புரிந்தது. பயமே இல்லையாம். செத்துப்போன அவருடைய அம்மா மரத்தடியில் நின்று நெல்லைப் புடைத்துக்கொண்டிருந்தாளாம். தலையை நிமிர்த்தி, "தங்கச்சி எங்கடா சாமி?" என்று கேட்டாளாம். பதில் சொல்ல வாய் வரவில்லை. அப்போதுதான் பயம் வந்தது என்றார்.

எதிரில் நூல் சிப்பம் சுமந்துகொண்டு இரண்டு பேர் வந்தார்கள். அப்பா இடது கையைத் தூக்கி, உயிரைக் கொடுத்துக் கத்தினார். வந்தது அதே 'ழா ழா'தான்.

"மாமா, என்னமோ சொல்றாருங்க" என்றான் ஒருவன்.

"என்னத்தச் சொல்றது? திருட்டுச் சாராயம். கோண வாயப் பாரு. கிட்டப் போனா நாளைக்குப் போலீஸ்காரன் நம்மளச் சாட்சிக்கு இழுத்துருவான். வா, வா!"

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. தள்ளாடுகிறவனைக் கண்டால் ஜனங்கள் தலைதெறிக்க ஓடின காலம். என் அப்பா கள் வாடை அடித்தாலே மூக்கைப் பொத்துகிற ஆசாமி! அவரைப் போய்! நூல் சுமந்த மகராசன்களே, எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

வெயில் உச்சிக்கு வந்தது. இப்படியே போனால் எங்கள் ஊர் சேரப் பொழுது சாய்ந்துவிடும். அதுவரைக்கும் தாங்காது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அப்போது மாடுகளின் நடை மெதுவானது. கண்ணைத் திறந்து பார்த்தார். அத்தை வீட்டு வேப்பமரம். அதன் கீழே கல்தொட்டி.

'நிக்காதே செவலை, போ' என்று மனசு சொன்னதாம். மனசுக்குள் இன்னொன்று, 'நின்னுரு சாமி, நின்னுரு' என்றதாம். செவலை இரண்டையுமே கேட்கவில்லை. தொட்டியில் மூக்கை விட்டுப் புண்ணாக்குத் தண்ணீரை உறிஞ்ச ஆரம்பித்தது.

ஏனென்றால் அது வாராவாரம் அங்கே நிற்கிற மாடு. ஒன்பது வருஷமும் அப்பா, எங்கள் யாருக்கும் தெரியாமல், அந்த வேப்பமரத்தடியில் 'ஓவ்... ஓவ்' என்று வண்டியை நிறுத்தி இறங்கி, கழன்றுபோன கடையாணியைச் சரிசெய்கிற மாதிரி சக்கரத்தைத் தட்டிக்கொண்டிருப்பார். உள்ளே அத்தையின் குரலோ, பாத்திரச் சத்தமோ கேட்டால் போதும், ஏறிப் போய்விடுவார்.

அன்று சக்கரத்தைத் தட்டுகிற சத்தம் வரவில்லை. அத்தை கதவைத் திறந்துகொண்டு வந்தாள். பார்த்தாள். ஓடிவந்து அப்பாவின் முகத்தோடு முகம் வைத்து வாயை மோந்தாள். வெற்றிலை வாசம் மட்டும்தான். "ஐயோ, என்ற அண்ணனுக்குக் கைகால் இழுத்துக்கிச்சே!" என்று கத்தினாள். மாமா பச்சமுத்து காட்டு வேலைக்குப் போயிருந்தார். அவள் காத்திருக்கவில்லை. துண்டை அவிழ்த்து அவரை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசப்படி வந்ததும் அப்பா இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்த நிலைமையிலும் சபதம்!

"கைய எடுங்கண்ணா" என்றாள் அத்தை, மூச்சு வாங்க. "நீங்களா மிதிக்கறீங்க? நாந்தானுங்க தூக்கீட்டு வாரேன். உங்க சபதத்துக்கு ஒரு குறையும் வராது. பேசவுந்தான் முடியலையே, அப்புறமென்ன?"

அப்பா கையை எடுத்தார்.

வைத்தியர் வந்து, அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பது நாள் அங்கேயே கிடந்தார். நானும் அம்மாவும் போய்ப் பார்த்தபோதுதான் கடையாணிக் கதையே எங்களுக்குத் தெரிந்தது. "ஒம்பது வருசமா வண்டிக் கடையாணி எங்க ஊட்டு முன்னால மட்டுமே கழண்டுக்குமாக்கும்? எனக்கென்ன காதா கேக்காது? ஏனுங்க அண்ணி, மாடு நாலு வாய் குடிக்கற வரைக்கும் நிக்கட்டும்னுதான் தொட்டியே வெச்சேன்" என்றாள் அத்தை. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்பா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கால் கொஞ்சம் உயிர் பெற்றது. பேச்சில் ஒரே ஒரு சொல்தான் திரும்பியது, மாட்டை நிறுத்துகிற 'ஓவ்'. கஞ்சிக்கும் ஓவ், தண்ணீருக்கும் ஓவ். மிச்சப் பேச்சு வர ஒரு வருஷம் ஆனது.

புறப்படுகிற நாளில் நானும் மாமாவும் அவரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். படியைத் தாண்டி இரண்டடி வைத்திருப்போம். "ஓவ்! ஓவ்!" என்று போட்டாரே ஒரு சத்தம்! இறக்கிவிட்டோம். என் தோளில் சாய்ந்துகொண்டு வீட்டைப் பார்த்துத் திரும்பினார். இன்னும் தானாகத் தூக்க வராத வலது காலை இடது கையால் முழங்காலுக்குக் கீழே பிடித்துத் தூக்கி, அந்த வாசப்படியின் மேல் வைத்தார். வைத்துவிட்டு அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

நாற்பது நாளும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அத்தை அப்படியே உட்கார்ந்து அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எங்களுக்கு அன்றைக்கு வண்டி கட்ட மத்தியானம் ஆகிவிட்டது.