பக்கத்து இருக்கையின் பிரேக்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சிவப்புக் காரில் பிரேக் இரண்டு. ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில், இன்னொன்று மெதுவாக்காவின் காலடியில். "மெதுவா, மெதுவா" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயர் மறைந்து, அவளுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வங்கியில் வேலை பார்க்கிறவரானாலும் சரி, காய்கறிக் கடை வைத்திருப்பவரானாலும் சரி, ஸ்டியரிங்கைப் பிடிக்கிற முதல் நாளில் எல்லோருக்கும் ஒரே நிலைதான். உள்ளங்கையில் வியர்வை ஊறும். மெதுவாக்கா பிரேக்கின் மேல் பூப்போலப் பாதத்தை வைத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான் அவர்களுக்குத் தைரியம்.

இந்த இருக்கை அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. பள்ளியில் முதலில் ரசீது எழுதத்தான் சேர்ந்தாள். குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிப் படித்த முதல் ஆள் அவள். அதனால் அச்சில் எது வந்தாலும் ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். சோப்பு உறையையே படிக்கிறவள் சாலை விதிப் புத்தகத்தை விடுவாளா? வேலை இல்லாத மதியங்களில் அதைக் கரைத்துக் குடித்தாள். யாருக்கும் சொல்லாமல் தேர்வெழுதிப் பயிற்சியாளர் சான்றிதழும் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள். ஒருநாள் பயிற்சியாளர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, முதலாளி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்து, "சாவியக் குடுங்க சார்" என்றாள். அன்று போய் உட்கார்ந்தவள்தான். அதற்கப்புறம் சிவப்புக் காரில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை.

அந்த இருக்கைமேல், பிற்பாடு சான்றிதழ் வாங்கி வந்து சேர்ந்த முதலாளியின் மச்சானுக்கு வெகுநாளாக ஒரு கண். "அக்கா, உங்களுக்கு ஓய்வு வேணும்னா சொல்லுங்க, நான் உட்கார்றேன்" என்று அடிக்கடி பாசம் காட்டுவான்.

"ஓய்வு வேணும்னா எனக்கு எடுத்துக்கத் தெரியும். நீ முதல்ல டயருக்குக் காத்தப் பிடி" என்பாள்.

வருடக்கணக்கில் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் கழுத்து தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. கழுத்தில் தொடங்கும் வலி தோள் வழியே விரல் நுனிவரைக்கும் கரண்ட் அடித்த மாதிரி ஓடியது. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் பாதி கீழே கொட்டியது. நரம்பு டாக்டரிடம் போனாள். "கனமா ஏதாவது தூக்குற வேலையாம்மா?" என்று அவர் கேட்டார். "இல்ல சார், உட்கார்ந்தே இருக்கிற வேலைதான்" என்றாள். அவர் வேளைக்கு ஒன்றாக மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மருந்துக்கடைப் பெண் அட்டையின் மேல் ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டி, நகத்தால் அழுத்தி நீவிவிட்டாள். தூக்கம் வரலாம், இந்த மருந்தைச் சாப்பிடும் நாட்களில் வாகனம் ஓட்டாதீர்கள் என்று அதில் இருந்தது. மெதுவாக்கா அங்கேயே நின்று அதை இரண்டு தரம் படித்தாள்.

வீட்டில் அந்தச் சீட்டுக்குப் பெரிய வரவேற்பு.

"அண்ணி, அப்படி எழுதியிருந்தா அந்த மாத்திரையே வேணாம்" என்றாள் மாடியில் குடியிருக்கும் நாத்தனார். "நான்லாம் ஸ்கூட்டர் எடுக்கிற நாள்ல அலர்ஜி மாத்திரையத் தொடவே மாட்டேன்."

"தொடமாட்ட. ஆனா தெரு முழுக்கத் தும்மிக்கிட்டே போவ. தும்மும்போது கண்ணு ரெண்டும் மூடிக்குமே, அப்ப ஸ்கூட்டர் யாரு ஓட்டுறா?"

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிப்ட் மெக்கானிக்கான கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே, "எனக்கு மாத்திரையே வேணாம், வேலைக்குப் போனாலே தூக்கம் வந்துடும்" என்றார்.

மாத்திரையை விடுவது மெதுவாக்காவால் முடியாத காரியம். ஒரு நாள் விட்டுப் பார்த்தாள். சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. சீட்டை மீறுவதும் அவள் குணத்திலேயே இல்லை. விதி என்று எழுதிவிட்டால் அவளுக்கு விதிதான். அதனால் நன்றாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். ஸ்கூட்டரைப் போர்வை போட்டு மூடிவிட்டு பஸ்ஸில் வேலைக்குப் போனாள். கொட்டகையிலிருந்து காரை வெளியே எடுக்கும் வேலையை மச்சானிடம் தள்ளிவிட்டாள். வகுப்பு முடிந்ததும் காரை நிறுத்தும் பொறுப்பு கற்றுக்கொள்கிறவருக்கு. ஸ்டியரிங்கை அவள் விரலால்கூடத் தொடவில்லை. மாத்திரையும் ஆச்சு, விதியும் ஆச்சு என்று அவளுக்குத் தன்னை நினைத்தே ஒரு பெருமை. வண்டி ஓட்டுவது வேறு யாரோ. தான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறவள்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். தலை முழுக்க நரைத்தவர். பள்ளிச் சீருடைகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். "உங்களால முடியாது, டிரைவர் வச்சுக்கோங்க" என்று மனைவி சொன்ன ஒரு சொல்தான் அவரை இங்கே கொண்டுவந்து விட்டது. ஆக்சிலேட்டரை அவர் தையல் மெஷினின் மிதிகட்டையாகவே நினைத்தார். ஒரு மிதி மிதிப்பார், வண்டி பாயும். காலை எடுப்பார், வண்டி முக்கும்.

"அண்ணா, இது தையல் மெஷின் இல்ல. ஒரே சீரா அழுத்துங்க."

"காலு கேக்க மாட்டேங்குது டீச்சரம்மா. நாப்பது வருசமா அதுக்கு வேற பாடம் சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஆனால் மனிதர் விடாப்பிடி. மூன்றாவது வாரத்தில் வண்டி முக்குவது நின்றது. சந்தைத் தெருவில் எதிரே வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஓட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வகுப்பு. மெதுவாக்கா மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிடங்குகள் இருக்கிற நீளத் தெரு. ஆள் நடமாட்டம் இல்லை, வெயில் கண்ணாடியில் அடித்தது. திடீரென்று ஒரு கிடங்கு வாசலிலிருந்து தண்ணீர் லாரி ஒன்று பின்னோக்கி வெளியே வந்தது. தையல்காரர் பதறிப்போய் பிரேக்குக்குப் பதில் கிளட்சை அழுத்தினார். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தவறுதான் அது. அதற்காகத்தானே இரண்டாவது பிரேக்!

மெதுவாக்கா லாரியைப் பார்த்தாள். அழுத்த வேண்டும் என்று நினைத்தாள். நினைத்ததற்கும் கால் இறங்கியதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அப்படி ஓர் இடைவெளியை அவள் வாழ்நாளில் கண்டதில்லை. பஞ்சு மூட்டைக்குள்ளிருந்து காலை உருவி எடுக்கிற மாதிரி இருந்தது. பிரேக் பிடித்தது, ஆனால் அதற்குள் காரின் மூக்கு லாரியின் பின்பக்கத்தில் போய் முட்டி, ஒரு பக்க விளக்கு நொறுங்கி உதிர்ந்தது.

யாருக்கும் அடி இல்லை. லாரிக்காரர் இறங்கி வந்து ஒரு பாட்டம் கத்தினார். தையல்காரர் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என் தப்புதான் டீச்சரம்மா. எனக்கு இது ஒத்து வராது. வீட்ல சொன்னது சரிதான். வேன வித்துடுறேன்."

பள்ளியில் முதலாளி உடைந்த விளக்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "வயசானவங்களச் சேர்த்தாலே இந்தத் தலைவலிதான்" என்றார். மச்சான் ஆறுதல் சொல்வதுபோல், "நீங்க என்னக்கா பண்ணுவீங்க, அந்த ஆளு கால் அப்படி" என்றான். பழி முழுக்கத் தையல்காரர் தலையில் விழுந்து கிடந்தது. அது அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டால் இருக்கை பத்திரம்.

வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மஞ்சள் சீட்டில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. காரில் எல்லாம் சரியாக நடக்கும்போது அவள் தேவையே இல்லை. ஒரே ஒரு நொடிக்குத்தான் அவள் தேவை; அந்த நொடியில் வண்டியை ஓட்டுவது அவள்தான். ஸ்டியரிங்கைத் தொடாமல் இருந்தால் போதும் என்று, மருந்து தன்னை ஒன்றும் செய்யாத இடம் ஒன்றைத் தானே வரைந்து, இத்தனை நாளும் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, நாளைக்கு நான் கார் சீட்ட விட்டுக் குடுக்கப்போறேன்."

கணவர் ஸ்பேனரைத் துடைப்பதை நிறுத்தினார். "யாருக்கு? அந்த மச்சானுக்கா?"

"கொஞ்ச நாளைக்கு. திரும்ப வாங்கிடுவேன்."

"வாங்கிடுவன்னு எனக்குத் தெரியும். அவன் குடுப்பானான்னுதான் தெரியல."

மறுநாள் தையல்காரரையும் பள்ளிக்கு வரச் சொன்னாள். முதலாளியின் மேசை முன்னால் மச்சானோடு சேர்த்து மூன்று பேரும் நிற்கும்போது, சுற்றி வளைக்காமல் சொன்னாள்:

"நேத்து நடந்தது இவர் தப்பு இல்ல சார். புதுசா கத்துக்கிறவர் கிளட்ச அழுத்துவார். நான் பிரேக் போட்டிருக்கணும். என் கால் லேட்டு. கழுத்து வலிக்கு மாத்திரை சாப்பிடுறேன், அது என்னைய மந்தமாக்குது. சொல்லாம உட்கார்ந்தது என் தப்பு."

முதலாளியின் முகம் மாறியது. மச்சானின் முகம் மலர்ந்தது.

"அப்ப இனிமே...?" என்று முதலாளி இழுத்தார்.

"டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் வகுப்பறையில பாடம் எடுக்கிறேன். அதுவரைக்கும் வண்டிய உங்க மச்சான் பாக்கட்டும். அது என் எடம் சார். திரும்ப வருவேன்."

கெஞ்சலே இல்லாத அந்தக் குரலுக்கு முதலாளியால் தலையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது. தையல்காரர் வாசல்வரைக்கும் அவள் பின்னாலேயே வந்தார். "நெசமாவா டீச்சரம்மா? எனக்காகச் சொல்லலியே?" என்று கேட்டார். "உங்களுக்காகப் பொய் சொல்ற அளவுக்கு நீங்க இன்னும் நல்லா ஓட்டல அண்ணா" என்றாள். அவர் வேனை விற்கவில்லை.

டாக்டரிடம் இந்தத் தடவை வேலையை உள்ளது உள்ளபடி சொன்னாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "உட்கார்ந்த வேலைன்னு சொன்னீங்களேம்மா!"

"உட்கார்ந்துதான் சார் இருந்தேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பகல் மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்து, இரவில் மட்டும் சாப்பிடும்படி மாற்றி எழுதினார். கழுத்துக்குப் பயிற்சிகள் சொல்லிக் கொடுத்தார். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், மந்தம் போய்விட்டதா என்று பார்த்து நான் சொன்ன பிறகுதான் வண்டிப் பக்கம் போகவேண்டும் என்றார். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

வகுப்பறையில் சாலைக் குறிகளைச் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் இப்போது ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது: "யார் யார் என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" ஒருத்தர் ஆரம்பித்ததும் மடை திறந்துகொண்டது.

"நான் இருமல் மருந்து ஒரு மூடி குடிச்சிட்டுத்தான் மேடம் வரேன். பயமே போயிடுது" என்றாள் ஒரு பெண்.

"பயம் மட்டும்தான் போகுதான்னு யோசிம்மா."

"என் மாத்திரை டப்பாவுல கார் படம் போட்டு குறுக்கே அடிச்சிருந்தாங்க. நம்மகிட்ட பைக்குதானேன்னு விட்டுட்டேன்" என்றான் ஒரு பழக்கடைக்காரன். அறையே சிரித்தது. மெதுவாக்காவால் மட்டும் முழுசாகச் சிரிக்க முடியவில்லை. அவனுக்கும் தனக்கும் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். "மஞ்சச் சீட்டப் பாத்து பயந்து மருந்த நிறுத்தாதீங்க. சீட்டு அடுத்தவனுக்குன்னும் நெனைக்காதீங்க. நீங்க பண்ற வேலைய டாக்டர்கிட்ட, மருந்துக்கடையில வாயத் திறந்து சொல்லுங்க. வேற வழி இருந்தா அவங்க சொல்வாங்க" என்றாள். நாத்தனாரை அவளே மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரைக் கேட்டு, அவ்வளவாகத் தூக்கம் வராத வேறு அலர்ஜி மாத்திரை கிடைத்தது. தெருவில் தும்மல் சத்தம் குறைந்தது.

மச்சான் இருக்கையில் உட்கார்ந்த வாரங்களில் பள்ளிக்கு ஒரு புதுப் பிரச்சினை. அவன் பயந்து பயந்து எதற்கெடுத்தாலும் பிரேக்கை மிதித்தான். வண்டி வீதிக்கு வீதி குதித்தது. ஓர் அம்மா வாந்தி எடுத்துவிட்டு, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகும் மெதுவாக்கா நேராகப் போய் உட்காரவில்லை. காலி மைதானத்துக்குக் காரைக் கொண்டுபோகச் சொன்னாள். முதலாளியையே ஓட்ட வைத்தாள். "நான் எதிர்பாக்காத நேரத்துல சுவத்தப் பாத்து வேகத்த ஏத்துங்க சார். பிரேக்க மட்டும் நீங்க தொடக்கூடாது." முதலாளி பெல்ட்டை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். ஆனாலும் ஏற்றினார். சுவருக்கு இன்னும் நிறைய இடம் இருக்கும்போதே வண்டி நின்றது. பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஏற்றினார், நின்றது. மதியச் சாப்பாடு முடிந்து மறுபடி வந்து ஏற்றினார், அப்போதும் நின்றது.

"போதும்மா, எனக்குத்தான் மயக்கம் வருது. நாளையிலேருந்து நீயே உட்காரு" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

முதல் வகுப்புக்குத் தையல்காரரைத்தான் கூப்பிட்டாள். கிடங்குத் தெருவுக்கே விடச் சொன்னாள். பாதித் தெருவில், நின்றிருந்த ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னாலிருந்து ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வந்தார். கார் நின்றது. சைக்கிள்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்.

தையல்காரர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அது பிரேக்கின் மேல்தான் இருந்தது. "நானே போட்டிருப்பேன் டீச்சரம்மா. நீங்க முந்திக்கிட்டீங்க" என்றார் குறையாக.

"தெரியும் அண்ணா. அடுத்த தடவை நீங்க முந்திக்கோங்க. பின்னாடி வண்டி நிக்குது, கியரப் போடுங்க."