மிஸ் என்று கூப்பிடு

வகுப்பிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தாயாக இருக்கப் பயிற்றுவிக்கப்பட்ட ஒருத்தி, தான் பெற்ற பிள்ளைக்கு அங்கே யாராக இருக்க வேண்டும்? தாம்பரத்தில் மழலையர் ஆசிரியப் பயிற்சி முடித்தபோது இந்தக் கேள்வி எங்கள் வினாத்தாளில் வரவில்லை. ‘தன் பிள்ளை, பிறர் பிள்ளை என்று பாராதவளே நல்லாசிரியை’ என்று எழுதினோம், மதிப்பெண் தந்தார்கள்.

எண்பதுகளின் இறுதியில், உடன் படித்த தோழிக்கும் எனக்கும் பொழிச்சலூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை கிடைத்தது. எனக்கு யு.கே.ஜி.; அவளுக்கு எல்.கே.ஜி. அவள் கணவனை இழந்தவள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் மகளையும் தன் வகுப்பிலேயே சேர்த்தாள். தாளாளர் அம்மையார் ஒரு நிபந்தனையோடு அனுமதித்தார்: பள்ளி கேட்டுக்குள் அந்தக் குழந்தையும் அவளை ‘மிஸ்’ என்றே கூப்பிட வேண்டும்.

ஆண்டு முடிவில் அவளை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று தீர்மானிக்கத் தாளாளர் வகுப்புக்கு வந்திருந்த காலையில், குழந்தையின் விரல் கதவிடுக்கில் நசுங்கியது. “அம்மா!” என்ற அலறல் இரு வகுப்புகளையும் பிரித்த தட்டிக்கு இப்பால் என் வகுப்பில் கேட்டது. ஓடினேன். பாய்ந்து வந்த தோழியைத் தாளாளர் கை நீட்டி மறித்திருந்தார்.

“இங்க யாரும்மா அம்மா? கரெக்டா கூப்பிடச் சொல்லுங்க. அப்புறம் தூக்கலாம்.”

மற்ற பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. “மிஸ்ஸு சொல்லு! மிஸ்ஸு சொல்லு!” என்று கைதட்டினார்கள்.

“இன்னா மேடம் இது, புள்ள துடிச்சிக்கினு கீது. இப்ப போயி...” என்றாள் வாசலில் நின்ற ஆயா.

“நீ போய் பெஞ்சைத் துடை.”

“மேடம், ரத்தம் வருது” என்றேன் நான்.

“டிரெயினிங் முடிச்சவங்க, நீங்களே இப்படிப் பேசலாமா? தன் பொண்ணுக்கு மட்டும் இவங்க இப்படி ஓடினா மத்த பிள்ளைங்க கதி? ஒரு கமிட்மென்ட் வேணாமா?”

பரீட்சையில் நாங்கள் எழுதிய விடையைத்தான் அவர் எங்களிடம் திருப்பிச் சொன்னார்.

தோழி யாரையும் பார்க்கவில்லை. “மிஸ்னு சொல்லுடா கண்ணு” என்றாள்.

குழந்தையின் உதடுகள் அசைந்தன. அந்நேரம் பார்த்து, பக்கத்து விமான நிலையத்தில் இறங்கவிருந்த ஒரு விமானம் கூரையை உரசுவதுபோலத் தாழ்ந்து போயிற்று. இரைச்சல் அடங்கும்வரை தாளாளர் காத்திருந்தார்.

“கேக்கல. இன்னொரு தடவை.”

“மிஸ்... வலிக்குது மிஸ்.”

தாளாளர் கையை இறக்கினார். “பாத்தீங்களா? டிரெயினிங்னா இதுதான்.”

ஜூன் மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமானது. அதற்குள் குழந்தைக்குப் புது நகம் முளைத்துவிட்டது. அந்தக் காலை முதல் வீட்டிலும் குழந்தை தன் தாயை ‘மிஸ்’ என்றே கூப்பிட்டாள்.