சிவப்பு நூலில் ஒரு தேதி

காலை எட்டேகால் மணிக்கு ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகையின் மேல் ஒரு கட்டைவிரல் நகம் ஓடுகிறது. 'லிஃப்ட் பணி நிறைவு பெறும் நாள்' என்ற வரி பலகையிலேயே பெயின்ட்டால் எழுதியது. எதிரே இருக்கும் தேதி மட்டும் ஒட்டிய தாள். அந்தத் தாளுக்கு அடியில் இன்னொரு தாள், அதற்கும் அடியில் இன்னொன்று. தையல்காரம்மா விளிம்பை நகத்தால் தடவித் தடவி எண்ணுவார். போன மாதம் வரை ஆறு இருந்தது, இப்போது ஏழு. "காலருக்குள்ள வைக்கிற கேன்வாஸ்கூட இவ்வளவு கனமா இருக்காது" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்து கடையைத் திறப்பார்.

ஒன்றரைக் கதவு அகலக் கடை. இரண்டு தையல் இயந்திரம், ஒரு இஸ்திரி மேசை, போட்டுப் பார்க்க மூலையில் ஒரு திரை. புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, விடுவது, இவ்வளவுதான் வேலை. இதிலேயே தெருவின் பாதிக் கதை அவருக்குத் தெரிந்துவிடும். யாருக்குச் சம்பளம் உயர்ந்தது, யார் வீட்டில் சண்டை, எந்தப் பெண் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்று கேட்காமலே சொல்வார். "வாய் என்ன வேணா சொல்லும், இடுப்பு உள்ளதைத்தான் சொல்லும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் பேச்சு. ஒல்லியான மனுஷி, கழுத்தில் எப்போதும் அளவு நாடா. வீட்டுக்குப் போகும்போதும் அதைக் கழற்ற மறந்துவிடுவார்.

தையல் கடை என்றால் இழுத்தடிப்பு என்பது ஊரறிந்த விஷயம். 'நாளைக்கு வாங்க' என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டுகிற தொழில். இவர் கடையில் அந்தக் கதை நடக்காது. துணியை வாங்கிய கையோடு உள்பக்கத்தில் நீலச் சாக்பீஸால் தேதியை எழுதுவார். அந்தத் தேதியில் துணி தயாராக இருக்கும். பத்தொன்பது வருடத்தில் ஒரு முறைகூடத் தவறியதில்லை. மின்சாரம் இல்லாத ஒரு நாளில் பதினோரு கால்சட்டைகளின் அடிமடிப்பைக் கையாலேயே தைத்து முடித்தவர். எப்போதாவது மாட்டுவார் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து நின்ற குறும்புக்காரர்களும் உண்டு. அவர்கள் அசடு வழியத் துணியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவருக்கு எதிரேயே ஏழு தாள் ஒட்டிய பலகை நின்றால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆனால் எரிச்சலுக்கு உண்மையான காரணம் கடைக்குள்ளேயே, இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

அது அவருடைய வீட்டுக்காரர். இரண்டு நிலையம் தள்ளி இருக்கும் கண் மருத்துவமனையில் விசாரணைத் தொலைபேசியில் பேசுகிற வேலை, பதினான்கு வருடமாக. ரயில் நிலையத்தில் நடைமேடை மேட்டில் இருக்கிறது. தெருவிலிருந்து இருபத்திரண்டு படி. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரிவுப் பாதை இருந்தது. அழகில்லாத, அங்கங்கே பெயர்ந்துபோன பாதைதான். ஆனாலும் மனிதர் தன் கையாலேயே சக்கரத்தை உருட்டி மேலே ஏறி, ரயில் பிடித்து, யார் தயவும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்தார். லிஃப்ட் வரப்போகிறது, ஆறே மாதம் என்று சொல்லிச் சரிவை இடித்தார்கள். சுற்றிலும் தகரம் அடித்தார்கள். இரண்டு வருடம் ஆகிறது.

பேருந்துப் படி முழங்கால் உயரம். வாடகைக் கார் சில மாதங்களுக்கு மேல் கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் நல்ல மனசுள்ள நாலு பேர் சேர்ந்து அவரை நாற்காலியோடு படிகளில் தூக்கிப் போனார்கள். சுற்றி நின்றவர்கள் விலகி, வழிவிட்டு, வேடிக்கை பார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம். "நான் மூட்டை இல்ல." அதற்குப் பிறகு யாரையும் தூக்க விடவில்லை. மருத்துவமனையும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன மாதம் கடிதம் அனுப்பியது. அடுத்த மாதம் முதல் தேதிக்குள் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள்.

இப்போதைக்குக் கடைத் தொலைபேசிதான் அவருக்கு வேலை. மணி அடித்தால் போதும், பதினான்கு வருடக் குரல் கணீரென்று வந்துவிடும். "வணக்கம், தையல் கடை. தங்கள் அழைப்புக்கு நன்றி. பேண்டா, சட்டையா?" முதல்முறை கேட்பவர்கள் எண் மாறிவிட்டதென்று வைத்துவிடுவார்கள். தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். சிரித்து முடித்ததும் எதிரே இருக்கும் தகரத்தைப் பார்ப்பார், முகம் மாறிவிடும்.

அந்தத் தகரத்தில் இரண்டு தகடு சேரும் இடத்தில் ஒரு விரல் அகல இடைவெளி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதில் கண்ணை வைத்துப் பார்க்காவிட்டால் தையல்காரம்மாவுக்கு அன்றைய பொழுது போகாது. எத்தனை பேர் வந்தார்கள், யார் உட்கார்ந்தே கிடந்தார்கள், எல்லாம் அத்துப்படி. ஆறு மாதம் முன்பு லிஃப்ட் பெட்டி வந்து இறங்கியதை முதலில் பார்த்தவர் இவர்தான். உறையைப் பிரித்ததும் வேலையாட்கள் தலையைச் சொறிந்ததைப் பார்த்தவரும் இவர்தான். தெருப்பக்கம் ஏறி நடைமேடைப் பக்கம் இறங்க வேண்டிய பெட்டி அது. இரண்டு பக்கமும் கதவு வேண்டும். வந்ததில் ஒரே கதவு. பெட்டி வந்த வழியே திரும்பிப் போனது. "பேண்டுக்கு ஜிப்பைப் பின்னால வெச்சுத் தச்ச கதை. என் கடையில நடந்திருந்தா அன்னிக்கே பிரிச்சுத் தச்சிருப்பேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி ஆற்றிக்கொண்டார்.

வேலையை மேற்பார்க்கும் சூப்பர்வைசருக்குத் தெருவில் தொப்பிக்காரர் என்று பெயர், மஞ்சள் தலைக்கவசம் இல்லாமல் யாரும் பார்த்ததில்லை. இந்த மாதம் முதல் வாரத்தில் அவர் மறுபடி ஒரு கால்சட்டையோடு கடைக்கு வந்தார், இடுப்பைப் பிடிக்க வேண்டுமாம். தையல்காரம்மா வாய் நிறையத் திட்டு வைத்திருந்தார். நாடாவைச் சுற்றினார், முப்பத்தொன்று. முதல் வருடம் இதே மனிதருக்கு முப்பத்திநாலு. நாலு மாதம் முன்பு வந்தபோது முப்பத்திரண்டரை. இது தூங்காத, நேரத்துக்குச் சாப்பிடாத இடுப்பு என்று அவருக்குத் தெரிந்துபோனது. திட்டை விழுங்கிவிட்டு, என்னதான் நடக்கிறது என்று விசாரித்தார். பொருள் வந்தால் ஆள் வருவதில்லை, ஆள் வந்தால் பொருள் வருவதில்லை, இரண்டும் வந்தால் கையெழுத்து வருவதில்லை என்றார் அவர். தேதியைப் போடுவது மேலே எங்கேயோ இருக்கிற அலுவலகம், ஒட்டுவது மட்டும் இவர்.

"ஒட்டுற தேதி வேண்டாம் தம்பி. உங்க வாயால ஒரு தேதி சொல்லுங்க."

தொப்பிக்காரர் விரல்விட்டு எண்ணினார். உதட்டைக் கடித்தார். "இந்த மாசம் இருபத்தெட்டு, அக்கா" என்றார்.

சொன்ன நாளில் கால்சட்டை தயாராக இருந்தது. இடுப்புப் பட்டையின் உள்பக்கம், சாக்பீஸுக்குப் பதிலாகச் சிவப்பு நூலில் சின்னதாக 28 என்று தைத்திருந்தது. தொப்பிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்கு வந்தார்.

அந்த மாத நடுவில் தையல்காரம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சிமெண்ட் மூட்டை தெருப்பக்கக் கேட் வழியாக உள்ளே போகிறது. மேலே நடைமேடையில் பூச்சு வேலையும் நடக்கிறது. படியில் யாரும் மூட்டை சுமந்து அவர் பார்க்கவில்லை. அப்படியானால் அது எப்படி மேலே போகிறது? மூன்று நாள் இந்த ஒரு கேள்வி அவர் மண்டையைக் குடைந்தது. நாலாம் நாள் கடையை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, படியேறி நடைமேடையில் போய் நின்றார். சற்று நேரத்தில் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டி மூட்டையோடு வெளியே வந்தது. எட்டிப் பார்த்தார். பழைய சரிவின் கீழ்ப்பாதியைத்தான் இடித்திருந்தார்கள். மேல்பாதி அப்படியே இருந்தது. இடித்த பாதிக்குப் பலகை போட்டு வண்டி ஏற்றுகிறார்கள்.

நேராகத் தொப்பிக்காரரிடம் போனார். "சிமெண்ட் மூட்டை ஏறுது தம்பி. என் வீட்டுக்காரர் ஏறக் கூடாதா?"

தொப்பிக்காரர் கேட்டில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். 'தலைக்கவசம் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை.' வெளியாட்களை விட்டால் தன் வேலை போய்விடும் என்று முணுமுணுத்துவிட்டு, முகம் கொடுக்காமல் நகர்ந்தார். அன்று கடையில் இரண்டு ஊசி உடைந்தன. தையல்காரம்மா கையில் ஊசி உடைவது அபூர்வம்.

இருபத்தேழாம் தேதி மதியம். தொப்பிக்காரர் அந்தக் கால்சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, தோளில் ஒரு பையோடு கடை வாசலில் நின்றார். புதுப் பெட்டி வந்து பொருத்தியாகிவிட்டது, கதவை இயக்கும் கருவி மட்டும் வரவில்லை, இன்னும் மூன்று வாரம் ஆகும், இடுப்பில் தைத்த தேதியைப் பிரித்துவிடுங்கள் என்றார். முதல் தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. பலகைத் தேதியைத் தையல்காரம்மா ஒருநாளும் நம்பியதில்லை. இந்தச் சிவப்பு நூலை நம்பிவிட்டார், அதுதான் அவருக்கு ஆறவில்லை. குரலை உயர்த்தவில்லை. தையல் பிரிக்கும் சின்னக் கத்தியை எடுத்து மேசையில் வைத்தார்.

"நீங்களே பிரிங்க தம்பி. தேதியைப் பிரிக்கிற வேலை என் கடையில கிடையாது."

தொப்பிக்காரர் முக்காலியில் உட்கார்ந்து கத்தியை எடுத்தார். அந்த இரண்டு எண்களையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கத்தியை வைத்துவிட்டு, பையிலிருந்து இன்னொரு மஞ்சள் தலைக்கவசத்தை எடுத்து மேசையில் வைத்தார். கீறல் விழுந்த பழசு.

"சார், காலையில எத்தனை மணி ரயில்?" என்றார் வீட்டுக்காரரைப் பார்த்து.

"எட்டு நாற்பது" என்று விசாரணைக் குரலில் பதில் வந்தது.

"நாளைக்கு எட்டு இருபதுக்குக் கேட்டுக்கு வந்துடுங்க. சரிவுல போட்ட பலகையை நேத்தே அகலமாக்கி, ஆணி அடிச்சாச்சு. தலையில இது இருந்தா உள்ள வரலாம், போர்டுல அவ்வளவுதான் எழுதியிருக்கு. சாயங்காலமும் நான் இருப்பேன்."

உங்கள் வேலைக்கு ஒன்றும் ஆகாதா என்று தையல்காரம்மா கேட்டார். "பாத்துக்கலாம் அக்கா" என்றார் தொப்பிக்காரர். வீட்டுக்காரர் வேறொன்று கேட்டார், இப்போது சொந்தக் குரலில்.

"யாரும் தூக்க மாட்டாங்களே?"

"யாரும் தொடக்கூட மாட்டாங்க சார்."

வீட்டுக்காரர் தலைக்கவசத்தை எடுத்து மாட்டிப் பார்த்தார். பெரிய தலைக்கு வாங்கியது, புருவத்தையும் தாண்டி மூக்கில் வந்து உட்கார்ந்தது. தையல்காரம்மா அதைக் கழற்றினார். கழுத்து நாடாவை உருவி வீட்டுக்காரரின் தலையைச் சுற்றிப் பிடித்தார், அளவைப் படித்தார், ஒரு முறை போதாதென்று இன்னொரு முறை படித்தார். பிறகு தலைக்கவசத்தைக் கவிழ்த்து வைத்து, நீலச் சாக்பீஸை எடுத்து, உள்பக்கத்தில் 28 என்று எழுதினார்.