'ஒண்ணுமில்லீங்க' என்று சொன்னதால் வந்த வினை

தொண்ணூற்று மூன்றோ நான்கோ, சரியாக ஞாபகமில்லை. அப்போது வெள்ளகோவிலில் குடியிருந்தோம். என் கணவர் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். மலைப்பாதையில் வண்டி உருண்டு, முதுகெலும்பில் அடிபட்டு ஊர் திரும்பினார். ஊனத்துக்கான பென்ஷன் கேட்டு மனுப் போட்டோம். 'பாதிப்பு மிகக் குறைவு' என்று தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் தடுத்தும் கேட்காமல், காகிதங்களை அள்ளிக்கொண்டு கோயமுத்தூருக்குப் பஸ் ஏறி, முன்னாள் ராணுவத்தினருக்கான அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, ஆங்கிலத்தில் இருந்த மருத்துவ அறிக்கையைத் தமிழில் சொன்னார். என்ன சிரமம் என்று டாக்டர்கள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று இவரேதான் சொல்லியிருக்கிறார்!

எங்கள் பக்கத்தில் யார் விசாரித்தாலும் அதுதான் பதில். காய்ச்சலில் படுத்திருந்தாலும் 'நல்லா இருக்கறனுங்க'தான். அதை மெடிக்கல் போர்டிலும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறார் மனுஷன். வீட்டுக்கு வந்து கேட்டால், "பெரிய ஆபீசருங்க மரியாதையா கேக்கறாங்க. அவங்ககிட்டப் போயி அழுவறதா அம்மணி?" என்கிறார். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் விடவில்லை. சுபேதார் உதவியோடு மேல்முறையீடு அனுப்பினேன். காகிதம் போதாது என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவையும் அனுப்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் பாடம் சொல்லித்தான் கூட்டிப்போனேன்.

போர்டில் இருந்தவர்களில் தமிழ் தெரிந்த டாக்டர், என்ன சிரமம் என்று கேட்டார். இவர் விறைப்பாக நின்றுகொண்டு, "பெருசா ஒண்ணுமில்லீங்க" என்று ஆரம்பித்தார். கதவருகே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, காலைல உங்களுக்கு ஷூ மாட்டி, லேஸ் கட்டி உட்டது ஆருங்க?"

லேஸை அவிழ்த்துக் கட்டச் சொன்னார் டாக்டர். பாதி குனிந்தவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். முகமெல்லாம் வியர்த்துவிட்டது.

"முடியலீங்க சார்" என்றார்.

அப்புறம் டாக்டர் கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார். கால் மரத்துப்போய் இரண்டு தடவை பாத்ரூமில் விழுந்ததை நானே அங்கேதான் தெரிந்துகொண்டேன். அத்தனை பேர் முன்னால் அவரை அவமானப்படுத்திவிட்டேனே என்று வெளியே வந்து அழுதேன்.

எட்டு மாதத்தில் பென்ஷன் உத்தரவு வந்தது. நான் போராடி வாங்கித் தந்ததாக இன்றும் எல்லோரிடமும் சொல்கிறார். நான் மனு எழுதினேன், அலைந்தேன், கத்தினேன். அதெல்லாம் எனக்குச் சுலபம். அந்த 'முடியலீங்க'வை வாய்விட்டுச் சொல்ல அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.